மருந்தடிப்பவரும் மலைவீடும்

ஹைதராபாத் நகரின் கடைவீதிகளில் எலியைக் கொல்லும் நஞ்சினை விலைக்குக் கேட்போர் தெலுங்கில் 'மந்து' என்று கேட்கின்றனர். உருதுவில் 'தவா' என்று கேட்கின்றனர். அங்கு வாழும் தமிழர் 'மருந்து' என்கின்றனர். மூன்றுக்கும் நோய் தீர்ப்பது என்பதே முதற்பொருள். கொல்வதற்கெனச் செய்த பண்டத்துக்குக் குணப்படுத்தும் பண்டத்தின் பெயரை மூன்று மொழியினரும் ஒருமுகமாக வழங்குவது மொழி ஆராய்ச்சியாளருக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். பொதுச் சுகாதாரத்தில் ஈடுபட்டோருக்கு அது கவலை தருவது. மருந்து என்ற பெயரைக் கேட்டதும் நஞ்சு பற்றிய அச்சம் பாதி அகன்றுவிடுகிறது. பூச்சி மருந்துப் புட்டி அரிசிப் பானைக்குப் பக்கத்திலும், எலி மருந்துப் பொட்டலம் குழந்தையின் பாடப்புத்தகத்துக்குப் பக்கத்திலும் இடம்பெறுவது இந்தப் பெயரின் துணையினால்தான்.

பெயரை மாற்றுவது எளிதன்று. ஆனால் மருந்து என்று அழைப்பதானால், மருந்துக்கு உரிய முறையையாவது அதற்கு அளிக்கவேண்டும் என்று கேட்பதில் நியாயம் உண்டு. நோயாளியைப் பாராமலும் நாடியைத் தொடாமலும் குளிகையை எடுத்து நீட்டுபவரை எவரும் மருத்துவராக ஏற்பதில்லை. வீட்டைச் சுற்றிப் பாராமல், வந்திருக்கும் பிராணி எதுவென விசாரியாமல், முதுகில் தெளிப்பானைச் சுமந்து வந்து நான்கு மூலைகளிலும் தெளித்துப் பணம் பெற்றுச் செல்பவரையோ மக்கள் மரியாதையுடனேயே வரவேற்கின்றனர். 'பெஸ்ட் கன்ட்ரோல்' என்ற பெயரில் பெருநகரங்களில் வளர்ந்துள்ள இத்தொழில் இன்று உதகை, கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை போன்ற மலையூர்களையும் எட்டியிருக்கிறது. அங்கு அது தேவை என்பதில் ஐயமில்லை. சமவெளியில் பழகிய முறையை அப்படியே மேலே ஏற்றிச் செல்வதுதான் தவறு.

காட்டை ஒட்டிய மலைவீட்டின் இயல்பு வேறு. பல இடங்களில் வீட்டின் பின்சுவருக்கும் காட்டுக்கும் இடையே நிற்பது ஒரு விறகு அடுக்கு மட்டுமே. மழைக்காலம் நீண்டது, சுவரில் ஈரம் காய்வதில்லை. இரவில் குளிருக்கு அஞ்சிச் சன்னல்கள் யாவும் அடைபடுகின்றன. மரத்தளம் இட்ட பழைய வீடுகளில் தளத்துக்கும் தரைக்கும் நடுவே இருண்ட வெளி ஒன்று உண்டு. அங்கே எவரும் குனிந்து பார்ப்பதில்லை. தேயிலைத் தோட்டங்களின் 'லயன்' வீடுகளில் பல குடும்பங்களுக்கு ஒரே நீண்ட கூரை. குறுக்குச் சுவர்கள் கூரைவரை எழுப்பப்படாத இடங்களில், ஓட்டுக்கு அடியிலுள்ள வெளி எல்லாருக்கும் பொது. அவற்றுள் ஒரு வீட்டில் மட்டும் எலிக்கு நச்சிரை வைத்தால், காலியான இடத்துக்கு அடுத்த வீட்டு எலி வந்து சேர்கிறது. நகரத்து மாடிவீட்டில் நூறு கரப்பான்களைக் கொன்றால் கணக்கில் நூறு குறையும். காட்டோரத்தில் நூறு பிராணிகளைக் கொன்றால், அடுத்த நூற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்ததாகவும் முடியலாம். எதைக்கொண்டு கொல்வது என்ற கேள்விக்கு முன்னால், எவ்வழியாக வந்தது, எதை நாடி வந்தது என்ற கேள்விகள் அங்கே விடை காணவேண்டியவை.

கூர்ந்து பார்த்தலின் பயனுக்கு ஹைதராபாத்தும் நீலகிரியும் சேர்ந்து தரும் சான்று ஒன்று உண்டு. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார்; அதற்காக 1902இல் நோபல் பரிசு பெற்றார். அதற்குச் சில காலம் முன்னர் விடுப்பில் உதகமண்டலம் சென்றிருந்த அவர், மலேரியா மிகுந்த சீகூர் மலைச்சரிவுக்கு இறங்கிச் சென்றார். குயினைன் உண்டுவந்தும் தாமே காய்ச்சலில் விழுந்தார். அங்கே ஒரு சுவரில், மற்றக் கொசுக்களைப் போலக் கூனி அமராமல், பின்னுடலைத் தூக்கியவாறு அமர்ந்திருந்த புள்ளிச் சிறகுக் கொசு ஒன்று அவர் கருத்தைக் கவர்ந்தது. அது எந்த இனம் என்று அப்போது அவருக்குத் தெரியாது. பின்னர் சிகந்தராபாத்தில் மலேரியாவின் வழியைக் காட்டியது அத்தகைய அனாபிலிஸ் கொசுவே. எல்லாரும் செய்வதுபோல அவரும் அதைக் கையால் அடித்துவிட்டு அப்பால் சென்றிருக்கலாம்.

பிராணியின் பெயரை அறியாமல் தெளிப்பது எவ்வளவு வீண் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்ச்சி ஒன்றைக் காட்டலாம். கேரளத்தில் ரப்பர்த் தோட்டங்களை அடுத்த வீடுகளில், கோடை மழையின் முதல் தூறல்கள் விழுந்ததும், கரிய சிறு வண்டுகள் ஆயிரக்கணக்கில் புகுகின்றன. திருச்சூர் மாவட்டத்து முப்பிலியம் என்ற ஊரின் பெயரால் மக்கள் அதனை 'முப்பிலி வண்டு' என்று அழைக்கின்றனர். விளக்கொளியை நாடி வந்து, ஓட்டிடுக்கிலும் பரணிலும் அடைந்து, மாதக்கணக்கில் உணவின்றி உறங்கிக் கிடக்கும். அது கடிப்பதில்லை, தானியத்தைத் தின்பதில்லை, மரத்தை அரிப்பதில்லை. நசுக்கினால் வெளிவிடும் நீர் தோலில் பட்டால் எரிந்து புண்ணாகும், அவ்வளவே. எனினும் சோற்றிலும் படுக்கையிலும் வண்டுகள் உதிரும் வீட்டில் வாழ்வோரின் துன்பம் சிறிதன்று. அவர்கள் நஞ்சுத் தூளை வாங்கிப் பரணில் கொட்டுகின்றனர். செத்த வண்டுகளைக் கூடை கூடையாக அள்ளிய பிறகு அடுத்த கூட்டம் வந்து சேர்கிறது. இந்த வண்டின் உணவு ரப்பர் மரத்தின் உதிர்ந்த இலை. அது பெருகும் இடம் தோட்டத்துச் சருகு. வீட்டுக்கு அது வருவது ஓய்வெடுக்க மட்டுமே. சருகைக் கவனித்து, மழைக்கு முந்திய வாரங்களில் மாலை விளக்குகளை அடக்கி, கூரை இடுக்குகளை அடைப்பதில் கிடைக்கும் பயன் பரணில் கொட்டும் தூளில் கிடைப்பதில்லை. பரணில் கொட்டிய தூளோ ஆண்டு முழுவதும் கீழே உறங்குவோர் மூச்சில் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டிருக்கும்.

உண்ணியின் கதை இதனினும் கடுமையானது. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர் காட்டை அடுத்த ஊர்களில் குரங்குகள் இறந்து விழுந்தன. பின்னர் மனிதரையும் காய்ச்சல் பற்றியது. காட்டு உண்ணியினால் பரவும் நோய்க்கிருமி ஒன்று அங்கே கண்டறியப்பட்டு, அக்காட்டின் பெயராலேயே வழங்கப்படுகிறது. நெடுங்காலம் அவ்வட்டாரத்துக்கே உரியதாகக் கருதப்பட்ட அந்நோயின் தடயம் 2012-13 ஆண்டுகளில் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு காடுகளின் குரங்குகளிடமும் காணப்பட்டது. இந்நோய்க்கெனக் கர்நாடகத்தில் போடப்பட்டுவந்த தடுப்பூசியும் போதிய பயன் தராமையால் 2022இல் நிறுத்தப்பட்டது. இங்கே வீட்டுக்குள் மருந்தடிப்பவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. உண்ணி சுவர் மூலையில் குடியிருப்பதில்லை. தொழுவத்துக்குப் பரப்பக் கொண்டுவரும் சருகிலும், விறகுச் சுமையிலும், மேய்ந்து திரும்பும் மாட்டின் மேலும் அது வீட்டு முற்றத்துக்கு வருகிறது. சருகுக் குவியலை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவதும், மாட்டுக்கு உரிய சிகிச்சை செய்விப்பதும், காட்டுக்குச் செல்வோர் தோலில் பூசிக்கொள்ளும் விரட்டி எண்ணெயும்தாம் காப்பு. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய 'தெபா' எண்ணெய் இதற்கென வழங்கப்படுகிறது. குரங்கு இறந்து கிடந்தால், அதை நெருங்காமல் வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் அறிவிக்க வேண்டும். உண்ணிகள் செத்த உடலை விட்டிறங்கி அடுத்த உயிரைத் தேடிக்கொண்டிருக்கும்; அவ்விடத்தைச் சுற்றி மட்டும் பூச்சிக்கொல்லி இடுவது பயிற்சி பெற்றவரின் வேலை. நஞ்சு இடவேண்டிய இடம் இதுபோல வீட்டுக்கு வெளியே நெடுந்தூரத்தில் இருப்பதும் உண்டு என்பதை மருந்தடிப்பவருக்கு யாரேனும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எலியைப் பற்றிய விதி ஒன்று பிளேக் ஒழிப்புப் பணியின் நீண்ட அனுபவத்தில் விளைந்தது. எலியைக் கொல்லுமுன் தெள்ளுப்பூச்சியைக் கொல்லவேண்டும். பிளேக் கிருமி எலியிடமிருந்து மனிதனுக்குத் தெள்ளுப்பூச்சி வழியே வருகிறது. எலி செத்து உடல் குளிர்ந்ததும் பூச்சிகள் அதைவிட்டு நீங்கி, அருகில் கிடைக்கும் வெப்ப உடலை நாடுகின்றன. அந்த உடல் பெரும்பாலும் பாயில் உறங்கும் மனிதனுடையது. ஆகவே நோய் தோன்றிய ஊரில் முதலில் வளைகளிலும் நடமாட்டப் பாதையிலும் பூச்சிக்கொல்லித் தூள் தூவப்படும். அதன் பின்னரே எலிக்கு நச்சிரை வைக்கப்படும். வரிசை மாறினால் நன்மைக்குச் செய்தது தீமையாய் முடியும். பிளேக் பழங்கதை என்று கருதுவோர் இமாசலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்து ஹாட்கோடி என்ற மலைச்சிற்றூரை நினைத்துக்கொள்வது நல்லது. 2002 பிப்ரவரியில் அங்கு நுரையீரல் பிளேக் தோன்றி 16 பேரைப் பற்றியது, நால்வர் மாண்டனர். காட்டில் வேட்டையாடித் திரும்பிய ஒருவரிடமிருந்து அது தொடங்கியது. நோய் காட்டுப் பிராணிகளிடையே உறங்கிக் கிடக்க, மலைமக்கள் அதன் அண்டைவீட்டாராக வாழ்கின்றனர். தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் இன்று அடிக்கடி காணப்படும் புதர்க் காய்ச்சலுக்கும் இதே நியாயம் பொருந்தும். எலிகளின் மேல் வாழும் மிகச் சிறிய உண்ணிப் புழுக்கள் அதைப் பரப்புகின்றன. வீட்டைச் சுற்றி இடுப்பளவு வளர்ந்த புதரை வெட்டாமல் உள்ளே எலிப்பொறி மட்டும் வைப்பது அரைகுறை வேலை.

இனி நஞ்சினைப் பற்றி. எல்லா எலி நஞ்சும் ஒரே தன்மையது எனப் பொதுமக்கள் நினைப்பது பெரும் தவறு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோமடியலோன் நச்சிரை 0.005 சதவீத அளவிலேயே விற்கப்படுகிறது. அது மெல்ல வேலை செய்வது. தவறி உண்டவருக்கு வைட்டமின் கே-1 என்னும் மாற்றுமருந்தும் உண்டு. ஆனால் நஞ்சுண்டு தடுமாறும் எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. கூலி வாங்காமல் இரவெல்லாம் எலி பிடிப்பது ஆந்தை. மஞ்சள் பாஸ்பரசு கலந்த எலிப்பசைக்கு நேரான மாற்றுமருந்து எதுவும் இல்லை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கும் இல்லை.

இந்த மாத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அது தானியக் கிடங்குகளுக்கென ஏற்பட்டது. 3 கிராம் எடையுள்ள மாத்திரை ஒன்று காற்றின் ஈரத்தோடு சேர்ந்து 1 கிராம் பாஸ்பீன் வாயுவை வெளியிடும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10 அடி உள்ள அறையில் அந்த 1 கிராம் முழுவதும் பரவினால், காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறக்குறைய 25 பங்கு பாஸ்பீன் இருக்கும். இக்கணக்கை உயர்நிலைப் பள்ளி மாணவனே போட்டுவிடலாம். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட உச்ச அளவு 0.3 பங்கு. 50 பங்கு என்பது உயிருக்கு உடனடி அபாயம் என அமெரிக்கத் தொழிற்சுகாதாரத் துறையினர் குறித்த அளவு. அதற்கு இரண்டு மாத்திரைகள் போதும். வாடை வீசும்போது எழுந்து வெளியேறிவிடலாம் என்று நம்புவதற்கும் இல்லை. உறங்குபவரை வாடை எழுப்பாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக நச்சு வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய குடும்பத்தின் இரு குழந்தைகள் இறந்தனர். சமவெளியில், மருத்துவமனைகள் நிறைந்த பெருநகரின் விளிம்பிலேயே இது நேர்ந்தது. சன்னல் அடைத்த மலைவீட்டில், அதுவும் பல குடும்பங்களுக்குக் கூரை பொதுவான லயனில் நேர்ந்தால், நஞ்சு வைத்த வீட்டார் மட்டுமல்லாமல் வைக்காத வீட்டாரும் அதை மூச்சில் வாங்குவர். மருத்துவமனையோ மலைப்பாதையில் பல வளைவுகளுக்கு அப்பால் இருக்கும்.

சட்டம் இதை அறியாததன்று. அலுமினியம் பாஸ்பைடைக் கையாளும் உரிமை அரசு நிறுவனங்களுக்கும், தகுதி ஒப்புக்கொள்ளப்பட்டவர் மேற்பார்வையில் வேலை செய்யும் கட்டுப்பாட்டாளருக்கும் மட்டுமே உண்டு. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் பிறந்ததற்கே ஒரு துயரம் காரணமாயிற்று. 1958இல் கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உணவு நஞ்சாகி மாண்டனர். கப்பலில் கோதுமை மாவுடன் ஏற்றிவந்த பாரத்தியான் கசிந்து மாவில் கலந்திருந்தது. விசாரணைக் குழு அமைந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் சட்டமும், 1971இல் விதிகளும் வந்தன. அவ்விதிகளின்படி, வணிக முறையில் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணி நடத்த உரிமம் கோருவோர் வேளாண்மையில் பட்டமோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட விஞ்ஞானப் பட்டமோ பெற்றிருக்க வேண்டும். அத்துடன் குறிப்பிட்ட நிறுவனங்களுள் ஒன்றில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் பெறவேண்டும். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அவற்றுள் ஒன்று. ஹைதராபாத்தின் இராஜேந்திரநகரிலுள்ள பயிர்ப்பாதுகாப்புப் பயிற்சி நிலையம் மற்றொன்று. 1966இல் மத்திய அரசு தொடங்கிய இந்நிலையம் 2008 முதல் தேசியத் தாவரநல மேலாண்மை நிறுவனம் என்னும் பெயருடன் தன்னாட்சி பெற்று இயங்குகிறது.

இங்கேதான் கருத்து வேறுபாட்டுக்கு இடம் உண்டு. உரிமம் பெறும் உடைமையாளருக்குப் பட்டமும் பயிற்சியும் இருக்கின்றன. வீட்டுக்கு வருபவரோ பெரும்பாலும் அவர் அல்லர். தெளிப்பானைச் சுமந்து மலையேறும் இளைஞருக்கு எவ்வளவு சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது அவரவர் முதலாளியின் மனச்சாட்சியைப் பொறுத்ததாக இருக்கிறது. கையுறையும் முகமூடியும் இன்றி அவர் நிற்பதைக் காணும் வீட்டுக்காரர், 'இவ்வளவு அஞ்சாமல் நிற்கிறாரே, ஆபத்தில்லாத மருந்தாகத்தான் இருக்கும்' என்று தேறிக்கொள்கிறார். முதற்பலி அந்த இளைஞரே என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை.

மலைப்பகுதிக்கென உள்ளூர் மக்களிலிருந்தே பயிற்சி பெற்ற பார்வையாளர்களை உருவாக்க வேண்டும் என்பது வற்புறுத்தத் தக்க யோசனை. பட்டம் பெறாத, ஆனால் பத்தாம் வகுப்புவரை படித்த இருளர், குறும்பர், படுகர், தோட்டத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் அவர்களாக இருக்கலாம். நஞ்சைக் கையாளும் உரிமை அவர்களுக்கு வேண்டியதில்லை. வீட்டைச் சோதிக்கவும், பிராணியை இனங்காணவும், ஓட்டையை அடைக்கவும், பொறி வைக்கவும், எந்த இடத்தில் உரிமம் பெற்றவரை அழைக்கவேண்டும் என்று முடிவு செய்யவும் தெரிந்தால் போதும். இவ்வாறு ஒரு நடுப்படியை ஏற்படுத்தினால் சட்டத்தின் கட்டு தளர்ந்துவிடும் என்று சிலர் அஞ்சலாம். அரைகுறைப் பயிற்சி ஆபத்து என்ற அந்த அச்சத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் இன்றுள்ள நிலையில் பெட்டிக்கடையில் எவரும் எதையும் வாங்கி வீட்டில் வைக்கின்றனர். தளரவேண்டிய கட்டு எங்கே இருக்கிறது? மேலும், மலைத்தேனீயின் கூட்டைக் கண்டதும் தெளிப்பானை எடுக்கும் வெளியூர்க்காரரைவிட, அந்தத் தேனீ பருவம் முடிந்ததும் தானே இடம்பெயரும் என்று தந்தையிடம் கேட்டறிந்த குறும்ப இளைஞர் இவ்வேலைக்குப் பொருத்தமானவர். சீகூரில் ராஸ் செய்த வேலையை, சுவரைப் பார்க்கும் வேலையை, அவர் செவ்வனே செய்வார்.

கறையானைப் பொறுத்தவரை உரிமம் பெற்றவர் இன்றி முடியாது. ஆனால் அங்கும் பொறுமை வேண்டும். கட்டடங்களைக் கறையானிடமிருந்து காப்பதற்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 6313 என்ற நெறிமுறை உள்ளது. அதன் முதற்பகுதி நஞ்சினைப் பற்றியதே அன்று. அடித்தளத்தை எவ்வாறு கட்டினால் கறையான் ஏறாது என்பதைப் பற்றியது. இது நினைவில் வைக்கத் தக்கது. கட்டுமானத்துக்கு முன் மண்ணுக்குச் செய்யும் சிகிச்சையில் கிடைமட்டப் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் நச்சுக் கரைசல் இடப்படுகிறது. 50 சதுர மீட்டர் வீட்டுக்கு இதுமட்டுமே 250 லிட்டர். சமதரையில் அது மண்ணில் தங்கும். சரிவான மலையில், வீட்டுக்குக் கீழே பத்தடி தூரத்தில் ஊர் குடிக்கும் ஊற்று இருந்தால், முதல் பெருமழையில் அது எங்கே போகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கிணறும் ஊற்றும் உள்ள இடங்களில் எச்சரிக்கை தேவை என்று நெறிமுறையே கூறுகிறது. முன்பு இதற்குப் பயன்பட்ட ஆல்டிரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் நின்றமையால் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்த குளோர்பைரிபாசும் 2025இல், சில விலக்குகளுடன், ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நேற்றைய மருந்து இன்று நஞ்சாகக் கண்டுபிடிக்கப்படுவது இத்துறையில் புதிதன்று. கறையானின் மண்குழாய் சுவரில் ஏறுவதை மாதம் ஒருமுறை பார்த்து உடைப்பவருக்கும், சுவரில் சாத்திய விறகை ஒரு கைத்தொலைவு தள்ளி மேடையில் அடுக்குபவருக்கும் இந்த மாறுதல்களால் கவலை குறைவு.

களப்பணியாளர்கள் வீட்டுக்கு வீடு செல்லும்போது கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. மருந்தடிக்க வந்தவர் உரிமம் காட்டினாரா? எந்தப் பிராணிக்கு, எந்த ரசாயனம் என்று எழுதிக்கொடுத்தாரா? வீட்டாரை எவ்வளவு நேரம் வெளியே இருக்கச் சொன்னார்? அடுத்த வீட்டாரிடம் சொன்னாரா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்ற விடை வரும் லயனில், அன்று மாலையே பக்கத்துக் கதவுகளையும் தட்டுவது நல்லது. வாங்கிய புட்டியின் முகவாட்டத்திலுள்ள முக்கோணத்தின் நிறத்தையும் அவர்கள் காட்டிக்கொடுக்கலாம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் கடுமை குறைகிறது. எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். ஆயினும் பச்சை என்றால் தீங்கற்றது என்று பொருள் கொள்ள இடம் தரலாகாது.

ஆசிரியர்களுக்கு இதனினும் எளிய பணி ஒன்று உண்டு. சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அது ஏறக்குறைய ஒரு பென்சிலின் கனம். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் மாணவர்களைப் பென்சிலுடன் சத்துணவுக் கூடத்துக்கு அழைத்துச் செல்லலாம். கதவின் அடியிலும், குழாய் நுழையும் துளையிலும், சுவரும் கூரையும் சேரும் இடத்திலும் பென்சில் புகும் ஒவ்வோர் இடத்தையும் சுண்ணக்கட்டியால் குறிக்கச் சொல்லலாம். பிறகு ஒரு கொத்தனாரும் சிறிது சிமெண்டும் கம்பி வலைத்துண்டும் வேண்டும். மழை வலுக்குமுன் அது முடிந்துவிட்டால், அந்த ஆண்டு அரிசி மூட்டைக்கருகே எந்த மருந்தையும் வைக்கவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. மாணவர்கள் அதே பென்சிலுடன் மாலையில் தத்தம் வீடுகளுக்குத் திரும்புவர்.